500 குண்டுகளில் 5 குறைகிறதா, என் தராசு தவறாகக் காட்டுகிறதா?

முதல்நிரப்பு:

வணக்கம். தோட்டா மறுநிரப்புதலில், அதாவது சுட்ட கூட்டில் புதிய பிரைமர், மருந்து, குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவதில், நான் இன்னும் கற்றுக்குட்டிதான். உரிமம் தொடர்பான வேலைகளெல்லாம் முடிந்த பிறகு, இதுவரை சிறு பெட்டிகளாக வாங்கிவந்த பொருள்களை இந்த முறை மொத்தமாக வாங்கியிருக்கிறேன். 55 கிரெய்ன் (குண்டுக்கும் மருந்துக்குமான சிறு எடை அலகு) குண்டுகள் 500 கொண்ட ஒரு பை, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர்கள் 1000 கொண்ட ஒரு பெட்டி, ஒரு பவுண்டு வெடிமருந்துக் குப்பிகள் இரண்டு, ஒருமுறை சுடப்பட்ட பித்தளைக் கூடுகள் 500 ஆகியவை வந்து சேர்ந்தன. விற்றவர் சொன்ன எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம் என உட்கார்ந்தேன். இப்போது குழப்பம்தான் மிச்சம்.

என்னிடம் இருப்பது ஒரு கிராம் வரை காட்டும், 5 கிலோ வரை தாங்கும் சமையலறை டிஜிட்டல் தராசு. பத்துக் குண்டுகளை வைத்தேன். 36 கிராம் காட்டியது. ஆகவே ஒரு குண்டு 3.6 கிராம் என்று வைத்துக்கொண்டு, பையிலிருந்த எல்லாவற்றையும் கிண்ணத்தில் கொட்டிப் பார்த்தால், கிண்ணத்தின் எடை நீங்கலாக 1782 கிராம் வந்தது. வகுத்தால் 495. கூடுகளில் நிலைமை நேர்மாறாக இருக்கிறது: மேலாகக் கிடந்த பத்தின் எடை 58 கிராம், மொத்தம் 3032 கிராம், வகுத்தால் 522க்கும் மேல். ஒரே விற்பனையாளர் ஒன்றில் ஐந்தைக் குறைத்துவிட்டு இன்னொன்றில் இருபத்திரண்டை அள்ளிக் கொடுத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மருந்துக் குப்பிகளின் முத்திரை பிரிக்கப்படவில்லை. ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் கழுத்துக்குக் கீழே கணிசமான இடம் காலியாகத் தெரிகிறது. பிரைமர்களையும் ஒரு கிண்ணத்தில் கொட்டி இதே முறையில் எடை போட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். அதைச் செய்வதற்கு முன் கேட்டுவிடுவது நல்லது என்று தோன்றியது. விற்றவருக்குப் புகார் எழுதுவதானால் எதை வைத்து எழுதுவது?


பழங்கூடு:

நண்பரே, மற்றவையெல்லாம் பிறகு. பிரைமர்களைக் கிண்ணத்தில் கொட்டாதீர்கள். கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

பிரைமர் என்பது அடிபட்டவுடன் வெடிப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள். உற்பத்தியாளர் அவற்றைத் தட்டில் தனித்தனிக் குழிகளில், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு அடுக்கி அனுப்புவது அழகுக்காக அன்று. ஒன்று வெடித்தாலும் அடுத்தடுத்தவை சேர்ந்து வெடிக்காமல் இருப்பதற்காக. அவற்றைக் கிண்ணத்திலோ கண்ணாடிச் சீசாவிலோ மொத்தமாகக் குவித்தால் அந்தப் பாதுகாப்பை நாமே கையால் பிடுங்கி எறிந்தது போலாகும். குவிந்து கிடக்கும்போது ஒன்று வெடித்தால் மற்றவை அனைத்தும் ஒரே சமயத்தில் போகும். உராய்வு, உடலில் தேங்கும் நிலைமின்சாரம், கைதவறி விழுதல் என்று அந்த ஒன்றை வெடிக்க வைக்கக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

எண்ணுவதற்கு எடையே தேவையில்லை. 1000 பிரைமர் பெட்டி என்றால் உள்ளே 100 கொண்ட தட்டுகள் பத்து இருக்கும். வெளிப்பெட்டியைத் திறந்து தட்டுகளை மட்டும் எண்ணுங்கள். ஒவ்வொரு தட்டையும் பயன்படுத்தும் நாளில் கண்ணாடி அணிந்துகொண்டு திறந்தால், குழி ஏதாவது காலியாக இருப்பது பார்த்தவுடன் தெரியும். தலைகீழாகக் கிடப்பதும், உள்ளே அன்வில் (அடியைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு) இல்லாமல் வந்ததும் அப்போதே கண்ணில் படும். இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன்: எல்லா நிறுவனங்களும் ஒரே இடைவெளியில் அடுக்குவதில்லை. ஒருவருடைய ஆயிரம் கைக்கு அடக்கமாக இருக்கும். இன்னொருவருடைய ஆயிரம் அதைப் போலப் பல மடங்கு இடத்தை அடைக்கும். ஆகவே பெட்டியின் பருமனைப் பார்த்துக் குறைவு என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

மருந்துக் குப்பியிலும் கண் ஏமாற்றும். மருந்து விற்கப்படுவது எடையால், கொள்ளளவால் அன்று. ஆனால் பல நிறுவனங்கள் பல வகை மருந்துகளுக்கு ஒரே அளவுக் குப்பியைத்தான் பயன்படுத்துகின்றன. உருண்டைத் துகள்கள் நெருக்கமாக அமர்ந்து குறைந்த இடத்தில் அடங்கிவிடும். செதில் போன்றவை இடைவெளி விட்டுக் கழுத்து வரை நிற்கும். போதாததற்கு வண்டியில் குலுங்கி வரும்போது எல்லாமே இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். இதன் மறுபக்கத்துக்கு ட்ரெயில் பாஸ் என்ற மருந்தைச் சொல்லலாம்: துளையிட்ட வளையங்கள் போன்ற துகள்களால் ஆன அது அவ்வளவு லேசானது என்பதால், குப்பி நிறைந்திருந்தாலும் நிகர எடை 9 அவுன்ஸ், அதாவது சுமார் 255 கிராம்தான். நிறைந்த குப்பியைப் பார்த்து ஒரு பவுண்டு என்று எண்ணி வாங்கியவர்கள் பிறகு சிட்டையைப் படித்து முகம் சுளித்ததைப் பார்த்திருக்கிறேன்.

முத்திரையைப் பிரிக்காமலே குப்பியை அப்படியே தராசில் வையுங்கள். அதே நிறுவனத்தின் அதே அளவுள்ள காலிக் குப்பி கையில் இருந்தால் மூடியோடு அதன் எடையைக் கழியுங்கள். 454 கிராமை ஒட்டி மிச்சம் வர வேண்டும். காலிக் குப்பி இல்லையென்றால், முழு எடையை இன்றைய தேதியோடு சிட்டையில் எழுதி வையுங்கள். குப்பி தீர்ந்த அன்று காலியாக எடை போட்டால் கணக்கு முடிந்துவிடும். எடை பார்ப்பதற்காக மருந்தை வேறு பாத்திரத்தில் கொட்டுவது வேண்டாம். திறந்து வைத்தால் ஈரப்பதம் மாறும், குப்பைத் துகள் சேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த மருந்து எது என்ற ஐயம் ஒருமுறை வந்துவிட்டால் அந்த மருந்து பயன்படுத்தத் தகுதியற்றதாகிவிடுகிறது.


எடைக்கல்:

பிரைமரைப் பற்றிச் சொல்ல வேண்டியதைப் பழங்கூடு ஐயா சொல்லிவிட்டார். நான் அந்த 495க்கு வருகிறேன். என் கணிப்பில், உங்கள் பையில் 500 குண்டுகளும் இருக்கின்றன.

ஒரு கிரெய்ன் என்பது 64.79891 மில்லிகிராம். 55 கிரெய்ன் குண்டு ஒன்று 3.564 கிராம். பத்துக் குண்டுகளின் உண்மையான எடை 35.64 கிராம், உங்கள் தராசுக்குத் தசமம் காட்டத் தெரியாததால் அது 36 என்று சொல்லிவிட்டது. அந்த 0.36 கிராம் தவறு பத்துக் குண்டுகளில் அற்பமாகத் தெரிந்தாலும், நீங்கள் அதை வகுத்து ஒரு குண்டின் எடையாக்கி, பிறகு ஐந்நூறு குண்டுகளின் எடையை அதனால் வகுக்கும்போது, தவறும் அதே விகிதத்தில் வளர்ந்து ஐந்து குண்டுகளை விழுங்கிவிடுகிறது. இப்போது கையால் நூறு எண்ணி வைத்துப் பாருங்கள். தராசு 356 என்று காட்டினால் ஒன்று 3.56 கிராம், 1782ஐ அதனால் வகுத்தால் 500.6. குண்டும் மாறவில்லை, தராசும் மாறவில்லை. மாதிரி மட்டும்தான் பத்திலிருந்து நூறானது.

கூடுகளில் கதையே வேறு. ஒருமுறை சுடப்பட்ட கூடுகள் பல நிறுவனங்களுடையவையாகக் கலந்து வந்திருக்கும். சுவரின் தடிமன் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் எடையும் மாறும். மேலே கிடந்த பத்தும் இலகுவான ரகமாக இருந்திருந்தால் கணக்கு மேல்நோக்கி ஓடத்தான் செய்யும். சிலவற்றில் வெடித்த பிரைமர் அப்படியே இருக்கும், சிலவற்றில் கழற்றப்பட்டிருக்கும். நீரில் கழுவி முழுவதும் உலராமல் வந்தால் ஈரமும் எடையாகிவிடும். கலப்புக் கூடுகளை எடை போட்டு எண்ணுவது, பல ரக அரிசி கலந்த மூட்டையில் ஒரு பிடியைப் பார்த்து விலை பேசுவது போன்றது.


இருமுறைஎண்ணி:

நான் ஒரு சிறு மறுப்பைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை கணக்குப் போடும் நேரத்தில் ஐந்நூறு குண்டுகளையும் கையாலேயே எண்ணிவிடலாம். கூடுகளுக்கு அதைவிட எளிய வழி உண்டு: ஐம்பது குழிகள் கொண்ட லோடிங் பிளாக் எல்லோரிடமும் இருக்கும், அதை நிரப்பி நிரப்பி ஒரு பெட்டியில் கொட்டிக்கொண்டே வந்தால் பத்து முறையில் வேலை முடிந்துவிடும். ஒவ்வொரு கூட்டையும் கையில் எடுப்பதால் கழுத்தில் வெடிப்பு விட்டது, வாய் நசுங்கியது, வேறு அளவுக் கூடு தவறி வந்தது எல்லாம் அப்போதே ஒதுங்கிவிடும். தராசு இவற்றில் எதையும் காட்டாது.

எண்ணிக்கை சரியாகத் தெரிவதால் வரும் பயனை நான் காசுக் கணக்கோடு நிறுத்துவதில்லை. ஒரு தடவைக்கு ஐம்பது கூடு, ஐம்பது பிரைமர், ஐம்பது குண்டு என்று சரியாக எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவது என் வழக்கம். முடிவில் தட்டில் ஒரு பிரைமர் மிஞ்சியிருந்தால், பிரைமர் இல்லாத கூடு ஒன்று எங்கோ போயிருக்கிறது என்று பொருள். எழுந்து போவதற்கு முன் அதைக் கண்டுபிடித்தாக வேண்டும். பையில் உண்மையில் எத்தனை வந்தன என்பதே தெரியாதவருக்கு, கடைசித் தடவையில் குறைவது பையின் குறையா தன் கவனக்குறைவா என்று சொல்ல வழியில்லை.

மருந்திலும் இதே சோதனையைத் தோராயமாகச் செய்யலாம். ஒரு பவுண்டு என்பது 7000 கிரெய்ன். கணக்குக்காக ஒரு தோட்டாவுக்கு 25 கிரெய்ன் என்று வைத்துக்கொண்டால் ஒரு குப்பிக்கு 280 தோட்டாக்கள் வரும். இந்த 25 வகுத்துக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண் மட்டுமே. நிரப்பும் அளவை உற்பத்தியாளரின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். சிந்தியது, அளவியை (மருந்தை அளந்து ஊற்றும் கருவியை) சரிசெய்ய எடுத்தது போக 275க்கு அருகில் குப்பி தீர்ந்தால் நிம்மதி. 240இலேயே தீர்ந்துவிட்டால், விற்றவரைக் குறை சொல்வதற்கு முன் நான் என் அளவியைச் சந்தேகிப்பேன். தோட்டாக்களுக்குள் கூடுதல் மருந்து போயிருக்கலாம் என்பதால் அவை எல்லாவற்றையும் சுடாமல் ஒதுக்கி வைப்பேன்.


முதல்நிரப்பு:

மூவருக்கும் நன்றி. பிரைமர் பெட்டி இன்னும் திறக்கப்படவில்லை, கிண்ணத்தின் பக்கமே போகாது. எடைக்கல் அவர்களிடம் ஒரு கேள்வி. பையின் மேல் 55 கிரெய்ன் என்று அச்சிட்டே இருக்கும்போது, நான் எதற்காக நூறு எண்ணி எடை பார்க்க வேண்டும்? 3.564ஐ அப்படியே எடுத்துக்கொண்டு மொத்தத்தை வகுத்துவிட்டால் போதாதா? என்னிடம் பத்தில் ஒரு கிரெய்ன் வரை காட்டும் சிறு வெடிமருந்துத் தராசும் இருக்கிறது. அதில் ஒன்றை எடை பார்த்து, மொத்தத்தைச் சமையலறைத் தராசில் பார்த்தால் இன்னும் துல்லியமாக இருக்காதா?


எடைக்கல்:

இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். இரண்டிலும் பள்ளம் இருக்கிறது.

பையில் அச்சிட்ட எடை ஒரு பெயர் மாதிரி. ஒரு தயாரிப்புத் தொகுதியின் சராசரி 54.7 கிரெய்னாக இருந்தால் அதை யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள். சுடுவதற்கு அது நல்ல குண்டுதான். ஆனால் ஒன்றுக்கு 0.3 கிரெய்ன் வீதம் 500இல் 150 கிரெய்ன் குறையும். அது ஏறத்தாழ மூன்று குண்டுகளின் எடை. ஆகவே அச்சிட்ட எடையால் வகுப்பவருக்கு மூன்று குண்டுகள் காணாமல் போனதாகத் தோன்றும். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: ஒரு குண்டு சற்றுக் கூட, இன்னொன்று சற்றுக் குறைய என்று இருக்கும் சிதறல் பெரும் எண்ணிக்கையில் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்; சராசரியே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அது ஈடாகாமல் கூடிக்கொண்டே போகும். உறையுள்ள குண்டுகளில் இந்தச் சாய்வு சிறிது. ஈயத்தை உருக்கி வார்த்த குண்டுகளில் கலவையைப் பொறுத்து அது நன்றாகவே தெரியும்.

மருந்துத் தராசில் ஒன்றை மட்டும் வைக்காதீர்கள். அவை பெரும்பாலும் 1500 கிரெய்ன் வரை தாங்கும் என்பதால் உங்கள் குண்டுகளில் 25ஐ ஒன்றாக வைக்கலாம். சராசரி நன்றாகக் கிடைக்கும். ஆனால் மொத்தத்தை வேறொரு தராசில் பார்க்கும்போது, இரண்டு தராசுகளும் ஒரே மொழியில் பேசுகின்றன என்று நம்பி இறங்குகிறீர்கள். சமையலறைத் தராசு அரை விழுக்காடு பிசகியிருந்தாலே 500இல் இரண்டரை குண்டு போய்விடும்.

ஆகவே ஒரே தராசை வைத்து ஒப்பிடுங்கள். கையால் இருமுறை எண்ணி உறுதிசெய்த 100 குண்டுகளை வைத்து அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எண்ணாத குவியலிலிருந்து அதே எண் வரும் வரை போடுங்கள். அது இன்னொரு நூறு. ஒரு குண்டின் எடை மூன்றரைக் கிராம், தராசு காட்டும் மிகச் சிறிய அளவு ஒரு கிராம் என்பதால், ஒவ்வொரு நூறிலும் ஒரு குண்டு கூடினாலும் குறைந்தாலும் தராசு காட்டிக்கொடுத்துவிடும். தராசு மொத்தத்தில் பிசகியிருந்தாலும் கவலையில்லை. எல்லாக் குவியலுக்கும் ஒரே பிசகுதானே. பழைய இரட்டைத் தட்டுத் தராசில் ஒரு பக்கம் படிக்கல்லும் மறுபக்கம் சரக்கும் வைத்தவர்கள் இதைத்தான் செய்தார்கள். எண்ணிய நூறுதான் இங்கே நமக்குப் படிக்கல்.


சன்னக்காரர்:

ஷாட்கன் தோட்டா நிரப்புகிறவன் என்ற முறையில் ஓரிரு வரிகள். எங்கள் ஈயச் சன்னங்கள் (சிறு ஈய உருண்டைகள்) 25 பவுண்டுப் பையாக எடையில்தான் வரும், அதாவது 400 அவுன்ஸ். ஒரு அவுன்ஸ் வீதம் 400 தோட்டா, ஒன்றே அரைக்கால், அதாவது 1.125 அவுன்ஸ் வீதம் என்றால் 355. பையைத் தூக்கி உடல் எடை பார்க்கும் தராசில் வைத்தால் கால் கிலோ பிசகும். அதை நம்பி யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம். தையல் விட்ட பையிலிருந்து வழியெல்லாம் சன்னம் சிந்தி வருவதுதான் உண்மையில் நடக்கும் குறை. வந்தவுடன் பையின் மூலைகளைப் பாருங்கள். மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையே வைக்கும் பிளாஸ்டிக் வாடுகள் இறகு போல லேசானவை. அவற்றைக் கிராம் தராசில் பத்துப் பத்தாக எடை பார்ப்பது வீண். நூறு எண்ணி ஒப்பிடும் வழிதான் அவற்றுக்கும் ஒத்துவரும்.


முதல்நிரப்பு:

இன்று முழுவதும் இதே வேலையாக இருந்தேன். முடிவுகளைச் சொல்கிறேன்.

குண்டுகள்: எடைக்கல் அவர்கள் சொன்னபடி முதல் நூறை எண்ணி வைத்தேன், 356 காட்டியது. அடுத்த நான்கு குவியல்களும் 356, 357, 356, 357. கிண்ணத்தில் மிச்சம் ஒன்றுமில்லை. மனம் ஒப்பாமல் கடைசிக் குவியலைக் கையாலும் எண்ணினேன், நூறேதான். ஆக 500 சரி. நேற்றே புகார் எழுதியிருந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொண்டிருப்பேன் என்று தெரியவில்லை.

மருந்து: முன்பு வாங்கித் தீர்ந்த அதே நிறுவனத்தின் குப்பி ஒன்று கிடந்தது, மூடியோடு 76 கிராம். புதிய குப்பிகள் 531, 529. கழித்தால் 455, 453. காலியாகத் தெரிந்த இடம் வெறும் இடம்தான்.

பிரைமர்: வெளிப்பெட்டியில் பத்துத் தட்டுகளும் இருக்கின்றன. எதையும் திறக்கவில்லை.

கூடுகள்தாம் ஆச்சரியம். லோடிங் பிளாக்கில் ஒன்பது முறை நிறைந்தது. பத்தாவது முறை மூன்று குழிகள் காலி. மேசைக்கு அடியிலும் பெட்டியின் மடிப்புகளிலும் தேடி, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன், 497தான். அவற்றில் ஒன்றுக்குக் கழுத்தில் வெடிப்பு. குறைந்தது என்று நான் நினைத்த பை நிறைவாக இருந்தது. கூடுதலாக வந்தது என்று மகிழ்ந்த பெட்டியில்தான் உண்மையில் குறைவு. என் முதல் மாதிரிப் பத்தின் அடிப்பக்க முத்திரைகளையும் பார்த்தேன்: பத்தும் ஒரே நிறுவனத்துடையவை. மூன்று கூடுகளுக்காக எழுதலாமா?


இருமுறைஎண்ணி:

எழுதுங்கள், ஆனால் சண்டையாக வேண்டாம். ஒருமுறை சுடப்பட்ட கூடுகளை விற்பவர்களில் பலர் பழுதுக்கு ஈடாக நூற்றுக்கு ஒன்றிரண்டு கூடுதலாகவே போடுவது வழக்கம். குறைவாக வந்ததென்றால், அவரும் உங்களைப் போலவே எடை போட்டு எண்ணியிருக்கக்கூடும். பிளாக்கில் இருமுறை எண்ணியதையும், 497 என்ற எண்ணையும், மொத்த எடை 3032 கிராம் என்பதையும் அப்படியே குறிப்பிடுங்கள். 3032ஐ 497ஆல் வகுத்தால் ஒரு கூட்டின் சராசரி 6.1 கிராம். அவர் தம் தராசில் ஆறு கிராமுக்குச் சற்று மேல் என்று வைத்துக் கணக்கிட்டிருந்தால், தமக்கு எங்கே சறுக்கியது என்று அவருக்கே புரிந்துவிடும். கழுத்தில் வெடிப்பு விட்ட அந்த ஒன்றைக் குறட்டால் நசுக்கிவிட்டுக் குப்பைப் பித்தளையோடு போடுங்கள். நாளைக்கு மறதியாக மறுபடி பெட்டிக்குள் போய்விடப் போகிறது.


பழங்கூடு:

பிரைமர் தட்டுகளை வெளிப்பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டீர்களா? தொகுதி எண் அந்த அட்டையில் அச்சிட்டிருக்கும்.


முதல்நிரப்பு:

வைத்துவிட்டேன் ஐயா. தொகுதி எண்ணை நோட்டிலும் குறித்துக்கொண்டேன். விற்றவருக்கு இப்போதுதான் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். 497 என்ற எண்ணை முதல் வரியிலேயே போட்டிருக்கிறேன்.